டிரைவர் பதில்கள்: மே மாதம், ஒரு கார், ஒரு பிள்ளை

போடிநாயக்கனூர்க்காரன் நான். முப்பத்திரண்டு வருடம் சுற்றுலா வேன் ஓட்டிவிட்டு, இப்போது திண்ணையில் உட்கார்ந்து உங்கள் கடிதங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடம் மூடப்போகிறது என்பது இந்த முறை வந்த கட்டைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது. பாதிக் கடிதம் ஒரே சங்கதி: பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மலையும் கடலும் பார்த்து வரவேண்டும்.

கேள்வி: ஐயா, கணவர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். நானும் ஒன்பது வயது மகனும் மட்டும் மே இரண்டாம் வாரம் எங்கள் வேகன்-ஆரில் ஐந்து நாள் போய்வரலாம் என்றிருக்கிறோம். கொடைக்கானல், மூணாறு, கொச்சி, ஆலப்புழை, கன்னியாகுமரி, ராமேஸ்வரம் என்று எழுதி வைத்திருக்கிறேன். கார் ஓட்டி மூன்று வருடம் ஆகிறது. மலையில் ஓட்டியதில்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். முடியுமா?
— வாசகி, மதுரை

பதில்: முடியும் அம்மா. ஆனால் அந்தச் சீட்டை எடுத்து ஆறு ஊரில் நாலை அடித்துவிட்டு மேலே படியுங்கள். மூணாறும் ஆலப்புழையும் இருக்கட்டும்.

கொடைக்கானலுக்கு 2024 மே 7-ஆம் தேதியிலிருந்து இ-பாஸ் வேண்டும், அது கிடைத்தாலும் மே மாத நெரிசல் உங்களை விடாது. ராமேஸ்வரம் டிசம்பரில் போகிற ஊர். மே மாதம் நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15-இல் தொடங்கிய 61 நாள் மீன்பிடித் தடை வேறு இருக்கும், விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும். கேரளத்தில் தடை ஜூனில்தான் வரும் என்பதால், மீன் தின்னவும் மேற்குக் கரைதான் தோது. கொச்சி பெரிய நகரம், அதைப் பார்க்கத் தனியாக ஒரு பயணம் வையுங்கள்.

என் கணக்கு எளிது. பிள்ளை இருக்கிற வண்டியில் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. சாயங்காலம் நாலு மணிக்குப் பிறகு மலைப்பாதையில் இருக்கக்கூடாது. இந்த இரண்டுக்கும் அடங்கினால் திட்டம், அடங்காவிட்டால் வெறும் ஆசை. நீங்கள் எழுதியிருப்பது ஆசை.

செவ்வாய்க்கிழமை கிளம்புங்கள். சனி, ஞாயிறில் மூணாறு பஜாரில் வண்டி நகராது, திங்கள்கிழமை அங்கே தேயிலை அருங்காட்சியகம் திறக்காது. விடிகாலை ஐந்து மணிக்கு மதுரையை விட்டால் ஏழு மணிக்குள் போடி. பெட்ரோலை இங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள், கேரளத்தில் விலை அதிகம். ஊரைத் தாண்டினால் முந்தல் சோதனைச்சாவடி. அங்கிருந்து போடிமெட்டு வரைக்கும் பதினேழு கொண்டை ஊசி வளைவு.

உங்கள் சொந்தக்காரர்கள் பயப்படுகிற இடம் இதுதான். ஏறுவது சுலபம் அம்மா. இரண்டாவது கியரில் வண்டியை நிதானமாக விடுங்கள், வளைவு இறுக்கமாக இருந்தால் முதல் கியர். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும், வளைவுக்குள் போய் பிரேக்கை மிதிக்கக்கூடாது. ஒவ்வொரு வளைவிலும் ஹாரன். பின்னால் வருகிறவன் பொறுமையில்லாமல் அடித்தால் இடம் பார்த்து ஒதுங்கி அவனைப் போகவிடுங்கள், அவனுக்கு என்ன அவசரமோ. கற்றுக்கொள்ள வேண்டியது இறக்கம்தான். எந்த கியரில் ஏறுகிறோமோ அந்த கியரில்தான் இறங்க வேண்டும். நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்று யாராவது சொன்னால், அவர் வண்டியில் ஏறாதீர்கள். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் லைனிங் கருகிப் புகைந்த வாடை வரும். வந்தால் ஓரங்கட்டி, அரை மணி நேரம் பையனோடு டீ குடியுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றவேண்டாம். எதிரே ஏறிவருகிற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குகிறவர் நின்று விடவேண்டும். சட்டமும் அதுதான், மலைக்காரர் மரியாதையும் அதுதான்.

போடிமெட்டில் வண்டியை நிறுத்தி, வந்த வழியைப் பையனுக்குக் காட்டுங்கள். ஊர் தீப்பெட்டி அடுக்கினதுபோல் கீழே கிடக்கும். அதற்கப்புறம் பூப்பாறை வரை ஏலக்காய்க் காடு, பிறகு தேயிலை, பிறகு ஆனையிறங்கல் அணை. பெயரைப் பாருங்கள், ஆனை இறங்குகிற இடம். சும்மா வைத்த பெயரில்லை. சின்னக்கானல் பக்கம் அரிக்கொம்பன் என்று ஒரு கொம்பன் இருந்தான். ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்று பெயர் வாங்கினவன். 2023 ஏப்ரல் கடைசியில் கேரள வனத்துறை அவனை மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டது. அவன் ஒரே மாதத்தில் மலை இறங்கிக் கம்பம் தெருவுக்கே வந்துவிட்டான். ஜூனில் நம் வனத்துறை பிடித்து, லாரியில் ஏற்றித் தெற்கே களக்காடு முண்டந்துறைக் காட்டில் கொண்டுபோய் விட்டது. இந்தக் கதையை ஆனையிறங்கலில் வைத்துச் சொன்னால் உங்கள் பையன் மூணாறு வரும்வரை ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டான். நிஜமாகவே ஆனை நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரன் கூடாது, இறங்கிப் படம் எடுப்பது கூடவே கூடாது.

மதியச் சாப்பாட்டுக்கு மூணாறு. சாயங்காலம் தேயிலை அருங்காட்சியகம். அங்கே பையனுக்குக் காட்ட வேண்டியது ஒரு சின்ன ரயிலின் மிச்சங்கள். மூணாற்றில் ஒரு காலத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் ஓடியது. தேயிலைப் பெட்டிகளை டாப் ஸ்டேஷன் வரை கொண்டுபோகும், அங்கிருந்து சரக்கு கம்பிவடத்தில் எங்கள் போடிப் பக்கம் இறங்கும். 1924 ஜூலை வெள்ளம் அந்த ரயிலை அடியோடு கொண்டுபோய்விட்டது. அந்த வருடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், மறுநாளும் வரும்.

புதன் காலை முதல் ஆளாக ராஜமலை. இரவிகுளம் தேசியப் பூங்கா, ஆன்லைனில் முன்பதிவு செய்ய வேண்டும், வனத்துறை பஸ்ஸில்தான் மேலே கூட்டிப்போவார்கள். வரையாடு குட்டிபோடுகிற பிப்ரவரி, மார்ச்சில் மூடியிருப்பார்கள். மே மாதம் போனால் குட்டிகளோடு பாதை ஓரத்திலேயே மேய்ந்துகொண்டிருக்கும். நம் தமிழ்நாட்டு மாநில விலங்கைப் பார்க்கக் கேரளத்துக்குப் போகிறோமே என்று வேனில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். எதிரே நிற்பது ஆனைமுடி, 2,695 மீட்டர். இமயமலைக்குத் தெற்கே இதைவிட உயரம் இந்தியாவில் இல்லை.

பதினொரு மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள். இந்த ஒரு நாள்தான் கொஞ்சம் நீளம். அடிமாலி, சீயப்பாறை அருவி, நேரியமங்கலம். பெரியாற்றின்மேல் ஒரு வளைவுப் பாலம் வரும், 1935-இல் கட்டியது. பழைய ஆலுவா–மூணாறு சாலை வேறு பக்கமாகப் போனது. அதையும் அதே 1924 வெள்ளம் அழித்ததால்தான் இந்த வழி பிறந்தது. மூவாற்றுப்புழையில் எல்லோரும் கொச்சிக்கு நேராகப் போவார்கள். நீங்கள் இடது பக்கம் வைக்கத்துக்கு ஒடித்துவிடுங்கள். பெரியார் போராடிய வைக்கம்தான், அங்கே நம் அரசு பராமரிக்கிற பெரியார் நினைவகம் இருக்கிறது. போராட்டம் நடந்தது எந்த வருடம் என்று பையனைக் கேளுங்கள். மலையில் ரயிலை அடித்துப்போன அந்த மழையில்தான் இங்கே சத்தியாகிரகிகள் வெள்ளத்துக்குள் நின்றார்கள்.

வைக்கத்தைத் தாண்டினால் தண்ணீர்முக்கம் தடுப்பணை. வேம்பநாட்டுக் காயலுக்குக் குறுக்கே வண்டி போகும். கோடையில் கடலின் உப்புத் தண்ணீர் குட்டநாட்டு வயலுக்கு ஏறாமல் தடுக்கக் கட்டியது. அங்கிருந்து மாராரிக்குளம் பக்கம்தான். கடல் பார்க்கச் சூரியன் விழுகிற நேரத்துக்குப் போய்ச் சேர்வீர்கள்.

அங்கே இரண்டு ராத்திரி. ஒரே அறையில் இரண்டு ராத்திரி என்றாலே பிள்ளைகளுக்குப் பாதிக் களைப்பு போய்விடும். வியாழக்கிழமை காரைத் தொடாதீர்கள். ஆட்டோ பிடித்து ஆலப்புழை படகுத்துறைக்குப் போய், கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறைப் படகில் ஏறுங்கள். கோட்டயம் வரை இரண்டரை மணி நேரம், டிக்கெட் நம் டவுன் பஸ் கணக்கில் இருக்கும். பள்ளிக்கூட டீச்சர், மீன்கூடைக்காரம்மா எல்லோரும் ஏறி இறங்குவார்கள். கால்வாய்த் தண்ணீர் மேலேயும் வயல் கீழேயும் இருப்பதை உங்கள் பையன் தானாகவே கண்டுபிடித்துக் கத்துவான். சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள். இரண்டு பேருக்கு ஹவுஸ்போட் வீண்செலவு என்பது என் கட்சி. என் வேனில் வந்த புதுமாப்பிள்ளைகள் ஒத்துக்கொண்டதில்லை.

வெள்ளிக்கிழமை கொல்லம் வழியாகப் புனலூர். ஆலப்புழை–கொல்லம் நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் வேலையில் வண்டி ஊரும், அதையும் கணக்கில் சேருங்கள். கொல்லத்தில் தங்கசேரி கலங்கரை விளக்கம், புனலூரில் 1877-இல் கட்டிய தொங்குபாலம், தங்க தென்மலை. சனிக்கிழமை காலை தென்மலையிலிருந்து ஆரியங்காவு போகிற வழியில் கழுதுருட்டி பதிமூன்று கண் பாலம் சாலையை ஒட்டியே நிற்கும். 1904-இல் திறந்த கொல்லம்–செங்கோட்டை ரயில் பாதை அது. 2018-இல்தான் முழுப்பாதையும் அகலப் பாதையானது. முதல் நாளே ரயில் நேரம் பார்த்து வைத்துக்கொண்டு அந்த நேரத்துக்குப் போய் நில்லுங்கள். பிறகு செங்கோட்டை, மதியம் பார்டர் பரோட்டா, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா, திருமங்கலம், வீடு. மொத்தம் ஏறக்குறைய 700 கிலோமீட்டர்.

குற்றாலம் பக்கத்தில்தானே என்று வண்டியைத் திருப்பாதீர்கள். மே மாதம் அங்கே பெரும்பாலும் பாறைதான் இருக்கும். மலைமேல் கோடைமழை பெய்தால் கீழே இருப்பவருக்குத் தெரியாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படி வந்த திடீர் வெள்ளத்தில் ஒரு பையன் போய்விட்டான்.

பெண்பிள்ளை தனியாகவா என்று கேட்கிறவர்களுக்கு: நாலு ராத்திரிக்கும் அறையை முன்னாலேயே பேசி வையுங்கள், இருட்டுமுன் போய்ச் சேருங்கள், தினம் ஒருவருக்கு போன் பண்ணுங்கள். ஆம்பளை டிரைவருக்கும் நான் இதைத்தான் சொல்வேன்.

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. இரண்டாவது வளைவிலேயே வாந்தி எடுத்துவிடுகிறான். மலையே வேண்டாம் என்று மனைவி சொல்கிறார்.
— வாசகர், விருதுநகர்

பதில்: டிரைவருக்கு ஏன் வாந்தி வருவதில்லை, யோசித்திருக்கிறீர்களா தம்பி? அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரியும். பின்சீட்டில் குனிந்து போனைப் பார்க்கிற பிள்ளைக்குக் காது 'ஆடுகிறோம்' என்கிறது, கண் 'இல்லையே' என்கிறது. இரண்டுக்கும் நடக்கிற சண்டைதான் வயிற்றைப் புரட்டுகிறது.

ஆகவே போனை வாங்கி வையுங்கள். பின்சீட்டிலேயே, முன்கண்ணாடி வழியாகச் சாலை தெரிகிற உயரத்துக்கு இருக்கை போட்டு உட்காரவையுங்கள். பதினாலு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ கட்டாயம், இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம், மடியில் வைத்துக்கொள்ளும் பேச்சே வேண்டாம். வளைவுக்கு வளைவு எண் பலகை இருக்கும். அதை உரக்க வாசிப்பது அவன் வேலை. "அப்பா, ஏழு! வலது பக்கம்!" என்று கத்துகிற பிள்ளை முன்னால் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். என் வேனில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இப்படித்தான் மேலே கொண்டுபோவேன். பதினேழு வரைக்கும் தொண்டை வற்றும், வயிறு வற்றாது.

ஏறுமுன் இரண்டு இட்லி போதும், பூரி வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு துண்டு, இஞ்சி மிட்டாய். மாத்திரை என்றால் டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள். பாலித்தீன் கவர் நாலு, துண்டு ஒன்று, மாற்றுச்சட்டை ஒன்று கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும், டிக்கியில் வைத்துப் பிரயோசனமில்லை. இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள்: பிள்ளை வாந்தி எடுத்தால் பாதிக் குற்றம் ஓட்டுகிறவர்மேல். வளைவில் சுழற்றி எடுக்கிறீர்களா என்று மனைவியைக் கேளுங்கள்.

கேள்வி: பதிமூன்று வயது மகளோடு முதல்முறை தனியாகப் பயணம் போகிறேன். அவள் காதில் ஹெட்போனைக் கழற்றமாட்டாள். நான்கு நாள் என்ன பேசுவது என்றே தெரியவில்லை.
— வாசகர், திண்டுக்கல்

பதில்: 2006 மே மாதம். எனக்கு மூன்று நாள் சவாரி இல்லை. நண்பனின் சுமோவை இரவல் வாங்கி என் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஊரார் பிள்ளையையெல்லாம் கூட்டிப்போகிறீர்கள், என்னை மட்டும் விட்டுவிடுகிறீர்கள் என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

போடிமெட்டு ஏறியதிலிருந்து பேசினேன், பேசினேன், ஏலக்காய், ஆனை, 1924 வெள்ளம், எல்லாம். ஆனையிறங்கலில் அவள் திரும்பிப் பார்த்து, "அப்பா, வேன்ல பேசுற மாதிரி பேசாதீங்க" என்றாள். அவ்வளவுதான், எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. வேறு மாதிரி பேச எனக்குத் தெரியாது என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

தேவிகுளம் பக்கத்தில் டயர் பஞ்சர். நல்லவேளை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஜாக்கியை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினேன். ஸ்பேனர்மேல் ஏறி நின்று மிதித்து நட்டைக் கழற்றினாள். கையெல்லாம் கிரீஸ். அப்புறம் அவளாகவே கேட்க ஆரம்பித்தாள். வண்டியைப் பற்றித்தான், வேறெதைப் பற்றியும் இல்லை. கிளட்ச் என்றால் என்ன, ஏன் டீசல் வண்டி இந்தச் சத்தம் போடுகிறது. கொச்சி வரை அதுதான் பேச்சு. போதுமே.

பேச்சைத் தேடாதீர்கள், வேலையைக் கொடுங்கள். பணப்பையை மகளிடம் கொடுத்து அவளைக் கேஷியர் ஆக்குங்கள். பெட்ரோல், டோல், டீ, எல்லாவற்றையும் அவள் நோட்டில் எழுதட்டும், மிச்சம் பிடிக்கிற பணம் அவளுக்கு. ஹெட்போனைப் பிடுங்கவேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் அவள் பாட்டு வண்டி ஸ்பீக்கரில் ஓடட்டும், நீங்கள் முகம் சுளிக்காமல் கேளுங்கள். அது கொஞ்சம் கஷ்டம்தான்.

கேள்வி: மே மாதம் கேரளக் கடலில் பிள்ளைகளைக் குளிக்கவிடலாமா? காற்று மழை இல்லாவிட்டால் பயமில்லைதானே?
— வாசகி, ராஜபாளையம்

பதில்: அந்த 'காற்று மழை இல்லாவிட்டால்' என்பதில்தான் ஆபத்து அம்மா. அந்தக் கரை மீனவர்கள் 'கள்ளக்கடல்' என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். எங்கோ தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் புயலடிக்கும். அந்த அலை நாள்கணக்காகப் பயணம் பண்ணி, இங்கே வானம் பளிச்சென்று இருக்கும்போது கரையேறும். கள்ளன் மாதிரி சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். ஏப்ரலும் மேயும் அதற்குத் தோதான மாதங்கள். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் கடலோடு போனார்கள். அதற்கு முன்பே கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை வந்திருந்தது.

ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம்தான் இந்த எச்சரிக்கையைக் கணித்து வெளியிடுகிறது, செய்தியிலும் சொல்வார்கள். காலையில் அதைப் பார்த்துவிட்டு, பிறகு கரையில் இருக்கிற மீனவர் ஒருவரைக் கேளுங்கள். அவர் படகை வழக்கத்தைவிட மேலே இழுத்துப் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். மற்ற நாளில் பிள்ளையின் முழங்கால் வரைக்கும்தான், அதுவும் கையைப் பிடித்துக்கொண்டு. பருவமழை கேரளத்துக்கு வழக்கமாக ஜூன் 1-ஆம் தேதியை ஒட்டி வரும், சில வருடம் முந்திக்கொள்ளும். ஆகவே மே 20-க்குள் போய்வந்துவிடுவது உத்தமம்.

கேள்வி: கிளம்பும்போது நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்காமல் வண்டியை எடுக்கக்கூடாது என்கிறார் மாமியார். அவசியமா?
— வாசகி, தேனி

பதில்: வையுங்கள் அம்மா, அவர் ஐந்து நாளும் நிம்மதியாகத் தூங்குவார். நாலு சக்கரத்துக்கும் குனிகிறபோதே டயரில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அதற்கு யாரும் எலுமிச்சம்பழம் வைப்பதில்லை.